தண்ணீர்க் கேள்வி

மார்ச் 3, திங்கள்

வீட்டுக்குள் ஏற்படும் காயங்கள் பற்றிய எங்கள் ஆய்வுக்காக வீடு வீடாகப் போகப்போகும் பெண்களுக்கு இன்றும் பயிற்சி. தொண்டை வறள ஒரே பாடம்: 'யார் அடித்தது' என்ற பகுதியை, அவள் தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். யாராவது உள்ளே வந்தால் அந்த நொடியே, "தண்ணியக் காய்ச்சிதான் குடிப்பீங்களா?" என்று மாறிவிடுங்கள். எங்கள் குழுவில் இதற்குப் பெயர் தண்ணீர்க் கேள்வி.

நடித்துக் காட்டினேன். "உங்களுக்கு ரொம்ப இயல்பா வருது மேடம்" என்றாள் ஒருத்தி. "எல்லாம் எங்க அக்காகிட்ட கத்துக்கிட்டது" என்றேன். ஒரே சிரிப்பு.

மார்ச் 4

அந்த ஜோக் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அக்காவுக்கு வீட்டில் 'சேனல்' என்று பட்டப்பெயர். அம்மாவின் முழங்கால் வலியைப் பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று "உங்க பக்கம் வெயில் எப்படி?" என்பாள். கல்யாணத்துக்கு முன் இந்தப் பழக்கம் இருந்ததா? இல்லவே இல்லை. ஒரு படத்தின் கதையைப் படத்தைவிட நீளமாகச் சொல்வாள். நாம் எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பாள்.

போன மாதம் மணிக்கட்டில் கட்டு. "பாத்ரூம்ல வழுக்கிடுச்சுடி." நான் உடனே வழுக்காத மிதியடி வாங்கிக் கொடுத்தேன். பெரிய ஆராய்ச்சியாளர்!

மார்ச் 6

போன் செய்தேன். ஏதோ சொல்ல வந்தாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். "உங்க பக்கம் வெயில் எப்படி?"

என்னால் அடக்க முடியவில்லை. "மாமா வந்துட்டாரா? அவர்தான் அடிக்கிறாரா?"

போன் துண்டிக்கப்பட்டது. அவர் காதில் விழுந்திருக்குமோ? பயிற்சியில் எவளாவது இப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

மார்ச் 7

எடுக்கவில்லை.

மார்ச் 8

எடுக்கவில்லை. துவைத்த துணிகளையே மறுபடி துவைத்தேன்.

மார்ச் 9

"நான் போய் நறுக்குனு நாலு வார்த்தை கேட்டுட்டு வரவா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க கேட்டுட்டு வந்துடுவீங்க. கதவைச் சாத்தினப்புறம் அவதானே உள்ள இருப்பா?"

சரியாகத்தான் சொன்னேன். சொன்ன வாயின் மீதே எரிச்சல். அப்போ நான் என்னதான் பண்றது? கையைக் கட்டிக்கிட்டு உட்காரவா?

மார்ச் 10

யார் படித்தாலும் சந்தேகம் வராத மாதிரி ஒரு செய்தி அனுப்பினேன்: 'அக்கா, எங்க ஆய்வுக்கு உங்க வீட்டுத் தண்ணி பத்தி சில கேள்வி. உனக்கு வசதியானப்போ கூப்பிடு.'

மார்ச் 12

கூப்பிட்டாள்! நான் தண்ணீரிலிருந்தே ஆரம்பித்தேன். "காய்ச்சிதானேக்கா குடிக்கிறீங்க?"

"தண்ணி கிடக்கட்டும். அவர் குளிக்கிறார். அன்னைக்குக் கேட்டியே... ஆமா."

"வழுக்கினது?"

"வழுக்கல."

"இங்க வந்துடுக்கா. எப்ப வேணா. கையை வீசிட்டு வந்தாலும் போதும்."

அந்தப் பக்கம் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். பிறகு, "உங்க பக்கம் வெயில் எப்படி?"

"கொளுத்துதுக்கா" என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

மார்ச் 15

ஒன்றும் தெரியவில்லை. பஸ் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

மார்ச் 30

மாலையில் அக்கா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, இங்கே வந்த அன்று பஸ்ஸில் நடந்த கதையைச் சொன்னாள். ஒரு பாட்டில் மூடி கழன்று, கண்டக்டர் சட்டையெல்லாம் எண்ணெய். அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது.

"உங்க பக்கம் வெயி..."

நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார். அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"எங்க விட்டேன்?" என்றாள்.

"சட்டையெல்லாம் எண்ணெய்."

"ஆங். முழுசாக் கேளு" என்று கையைப் பிடித்து இழுத்து என்னை உட்கார வைத்தாள்.