இரண்டு முறை சுரண்டிய பிறகு

12.6.2024
மறுபடியும் கருப்பையைச் சுரண்டிச் சவ்வு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மூன்றாவது முறை. உள்சவ்வு வளர்ச்சியில் பின்தங்கியிருக்கிறது, அதனால்தான் கரு தங்கவில்லை என்கிறார் டவுன் டாக்டர். போன இரண்டு முறையும் மரத்துப்போக ஊசிகூடக் கிடையாது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "குழந்த வேணும்ல, பொறுத்துக்க" என்றாள் நர்ஸ். ஊருக்கு, ஜமுனாமரத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜேம்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார்.

14.6
சமைக்கும்போது மாமியார் ஆரம்பித்தார். "ஒடம்புல சத்து இல்ல. அதான் உள்ள சவ்வு புடிக்கல."
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓரகத்தி ரெபேக்கா நிமிராமலே சொன்னாள்: "போன வருசம் உதிரம் நிக்கலன்னு எனக்கும் அதே டாக்டர்தான் சவ்வு எடுத்தாரு அத்தே. எனக்கும் பின்தங்கித்தான் இருக்குதுன்னாரு."
அவள் இரண்டு பிள்ளை பெற்றவள்.
அப்படின்னா என் சவ்வைப் பார்த்து இன்னாதான் கண்டுபிடிச்சாங்க?

15.6
இனிமேல் சுரண்ட வர மாட்டேன் என்று டவுன் டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன்.

2.7
வேலூர். வேறு டாக்டரம்மா. "காசநோய் சந்தேகம், நிக்காத உதிரப்போக்குன்னா சவ்வு எடுத்துப் பார்ப்போம். அதோட வளர்ச்சிய வச்சு குழந்தை உண்டாகுமா இல்லையான்னு சொல்ல முடியாதும்மா. குழாய்ல அடைப்பு இருக்கான்னு பார்த்தாங்களா? இவருக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?"
இரண்டும் இல்லை.
வெளியே வந்ததும் ஜேம்ஸ், "என்கிட்ட யாரும் கேக்கலியே மெர்சி" என்றார்.
"நீங்களா கேட்டீங்களா? நான் கத்துனப்ப வெளியதான ஒக்காந்திருந்தீங்க?"
ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் உள்ளே திரும்பிப் போய் விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

26.7
ஜேம்ஸுக்குக் குறை இல்லை. எனக்குத்தான். மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு குழாயும் அடைத்திருக்கின்றன. வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்த்து, முடிந்தால் சரிசெய்யலாமாம்.
குறை என்னிடம்தான் என்று தெரிந்தால் கோபம் அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. ஒரு எக்ஸ்ரேயில் தெரிந்திருக்க வேண்டியது. ரெண்டு வருசம் இன்னாத்துக்கு என்னைச் சுரண்டினாங்க?

27.7
டவுன் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் பண்றோம்" என்றார், வேறு எதையோ எழுதிக்கொண்டே.
வெளியே பெஞ்சு நிறையப் பெண்கள். "குழாயப் பார்த்தாங்களான்னு கேளுங்க. வூட்டுக்காரரையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அப்புறமா கட்டில்ல படுங்க" என்றேன். நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். ஒரு பெண் எழுந்து என் பின்னாலேயே வந்தாள்.

15.9, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது ஒரு அம்மா மாமியாரை நிறுத்தினார். "மருமவ இன்னும் முழுகாம இல்லியா தெரசம்மா?"
"வைத்தியம் பாக்குறோம். அது எங்க வூட்டு விசயம்" என்றார் மாமியார்.
கொஞ்ச தூரம் நடந்த பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ஆபரேசன் அன்னைக்கு நானும் வேலூருக்கு வர்றேன். வரலாமில்ல?"
"வாங்கத்தே" என்றேன்.