உப்பாறுபட்டியின் மேல் பழுப்பு

மார்ச் 9, காலை
நான் பிலோமினா ராயன். காற்று மாசை அளக்கும் இந்த விண்கலத்தில் நான் மட்டும்தான். தூசி, கந்தக அளவுகளைக் கீழே அனுப்புகிறேன். கடலோர மருத்துவமனைகள் அவற்றை மூச்சுத்திணறலோடு வருபவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகின்றன. கருவிகள் சீராக இயங்குகின்றன.

மார்ச் 11, காலை
கடலோர ஊரான உப்பாறுபட்டியின் மேல் பழுப்புப் புகைத் திட்டு. கந்தகம் வழக்கத்தைவிடப் பல மடங்கு. கட்டுப்பாட்டு அறை: "கருவிக் கோளாறா இருக்கும். அந்த அளவை நீக்கிடுங்க." கருவியை மறுபடி சோதித்தேன். கோளாறு இல்லை. நீக்கவில்லை.

முற்பகல்
அந்த ஊர் மருத்துவர் ஜபருல்லா ரேடியோவில் வந்தார். "மேடம், வார்டுல இடமில்ல. பிள்ளைங்களுக்கு மூச்சு இழுக்கு. ரெண்டு வண்டி இருக்கு. எந்தப் பக்கம் கொண்டு போகட்டும்?" நேரடியாக யோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை. புகை கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "வடக்கே, உப்பளச் சாலையில போங்க டாக்டர்" என்றேன். ஊர் பார்வையை விட்டு நகர்ந்தது. திரும்பி வர ஒன்றரை மணி நேரம்.

நண்பகல்
உட்கார முடியவில்லை. கைப்பிடியிலிருந்து கைப்பிடிக்கு மிதந்து அலைகிறேன். வெயில் ஏறினால் கடல்காற்று வீசும். புகை கரைப்பக்கம் திரும்பும். காலைக் காற்றை மட்டும் பார்த்துவிட்டு ஏன் அப்படிச் சொன்னேன்?

பிற்பகல்
புகை திரும்பிவிட்டது. உப்பளச் சாலை முழுக்கப் பழுப்பு. ரேடியோவில் ஒரு பெண்: "நர்ஸ் சுடலைவடிவு பேசுதேன் மேடம். எங்க வண்டி வெளிய வந்துட்டு. டாக்டர் வண்டி புகைக்குள்ள நிக்கு. பிள்ளைங்க எல்லாம் அதுலதான் இருக்கு. போன்ல கேக்காரு, திரும்பவா, முன்னாடி வரவா?" முன்பக்கம் புகை கொஞ்சம் மெலிந்திருந்தது. "முன்னாடி. நிறுத்தாம வரச் சொல்லுங்க." அவள் கேட்டாளா, தெரியவில்லை. இணைப்பு அறுந்தது.

அடுத்த சுற்று
கட்டுப்பாட்டு அறை: "விதியை மீறிட்டீங்க. உங்க ஒலிபரப்பை நிறுத்தி வச்சிருக்கோம்." கேட்க முடிகிறது. பேச முடியவில்லை. விசையை அழுத்திக்கொண்டே இருக்கிறேன்.

"மேடம், வண்டி வெளிச்சம் தெரியுது. ஆனா நகரல. டாக்டர் இருமுதாரு, பேச்சு வரல. இப்ப என்ன சொல்லட்டும்?"

தொலைநோக்கியில் தெரிகிறது. வண்டிக்குக் கிழக்கே, கடலோரத்தில் புகையே இல்லை. உப்புப் பாத்திகளின் வரப்பு ஒன்று நேராகக் கடற்கரைக்குப் போகிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே போதும்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

கிழக்கே, சுடலைவடிவு. கிழக்கே. கத்துகிறேன். எழுதுகிறேன். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் அவளிடம் சொல்லுங்கள், கிழக்

"மேடம்?"