பச்சையாக நின்ற பன்னிரண்டு

14.5 செவ்வாய்
வெயில். திருவொற்றியூர் அலுவலகத்தில் ஏ.சி. மறுபடி நின்றது.
ராயபுரம் ஐஸ் ஆலையிலிருந்து ஹனீபா பாய் போன். கம்ப்ரசர் அறை அவர் பொறுப்பு. "இன்னா சார் இது, அம்மோனியா நெடி மூக்கைப் புடுங்குது, உங்க ஸ்க்ரீன் பச்சையா சிரிச்சிகினு கீது. எப்பப் பாத்தாலும் பன்னெண்டு."
இங்கே, காற்றில் அம்மோனியா அளவைக் காட்டும் அதே பக்கத்தைத் திறந்தேன். 19.
பக்கத்தை எழுதியவன் தினேஷ் (இனி தி.). என்னைவிடப் பதினோரு வயது இளையவன். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் இருப்பவன்.

15.5 புதன்
பால் இல்லாத காபி. காலை முழுக்க F12, பக்கத்தின் உள்ளே ஓடுவதைக் காட்டும் கருப்புப் பெட்டி. மறக்காமலிருக்க:
Ctrl+Shift+F – எல்லாக் கோப்பிலும் ஒரே தேடல்.
$_ – கடைசி விடை.
console.table – எண்கள் அட்டவணையாக.
copy() – அப்படியே எடுத்துப் புகாரில் ஒட்ட.
அட்டவணையில்: நேற்று 19, 22, 24, இன்று 31. இருபத்தைந்தைத் தாண்டினால் ஆலைக் கணினியில் சங்கு ஊத வேண்டும். ஊதவில்லை. தி.யின் வேலை, வேறென்ன.
வெள்ளிக்கிழமை கூட்டம். முதலாளி வருகிறார். அங்கே போட்டு உடைப்பேன், அதுவரை மூச்சு விடுவதில்லை. "அண்ணே, இது உங்க காலத்து கோடு" என்று என் நிரலைக் காட்டி எல்லார் முன்னாலும் சிரித்தானே.
பாயிடம் கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். "தொறந்துதான் கீது சார். நெடி போவலியே."

16.5 வியாழன்
38. பல் வலி.
பாய் இருமிக்கொண்டே பேசினார். "பேஜாரா கீது சார். மேனேஜர் ஸ்க்ரீனைக் காட்றாரு. பச்சை பாரு, போய் வேலையப் பாருன்றாரு."
இன்னும் ஒரு நாள்தானே.

17.5 வெள்ளி
கூட்டம் 11 மணிக்கு. காலையில் எண்ணைப் பார்க்கவில்லை, தி.யின் கோடு மட்டும், வரி வரியாக. பிழை இல்லை. எங்குமே இல்லை.
10.20. பாய்க்கு போன். ஸ்க்ரீனில் வேறென்ன தெரிகிறது?
"கீழ கருப்புப் பெட்டி ஒண்ணு மடிச்சி வச்சிகீது. போன மாசம் நீங்க வச்சிட்டுப் போனது. தொடாதேன்னு காயிதம் ஒட்டினீங்களே, யாரும் தொடல சார்."
நினைவு வந்தது. சோதனையின்போது சங்கு ஓயாமல் ஊதியது. அதை அடக்க, F12 பெட்டியில் பக்கத்தின் என் சொந்த நகலை, எப்போதும் 12 காட்டுவதை, ஓடவிட்டேன். அந்தப் பெட்டி திறந்திருக்கும்வரை நகல்தான் ஓடும். பாதியில் தி. அலுவலகத்துக்கு அழைத்தான். கோபத்தில் மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.
பெட்டியை மூடி F5 அழுத்துங்கள் என்றேன். முதலில் சங்கு. பிறகு பாய். "சார், நூத்தி நாப்பது. செவப்பு."
வெளியே வாங்க என்று கத்தினேன்.
"உள்ள ரெண்டு பேரு கீறாங்கோ. இட்டுகினு வந்துர்றேன்." போனை மேசையில் வைக்கும் சத்தம்.
தி.யிடம் சொன்னேன். தீயணைப்புக்கு அவன்தான் போன் போட்டான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.
11.05. ஆட்டோவில். தண்டையார்பேட்டையே தாண்டவில்லை, முன்னால் கண்டெய்னர் லாரி வரிசை. இணைப்பைத் துண்டிக்கவில்லை. சங்கு கேட்கிறது. இருமல் கேட்கவில்லை.