காலைக் கட்டாத பலகை

12 நவம்பர் 2008, புதன்

விடாத தூறல். தாயில்பட்டியில் பஸ் அரை மணி லேட். சிவகாசி வந்து சேர்வதற்குள் துப்பட்டா முழுக்க ஈரம். அதே ஈரத்தோடு நிஜாம் அண்ணன் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால்.

இன்றைய தலைப்பு: ஸ்னோஸ்கேட்டா, ஸ்னோபோர்டா? பனியில் சறுக்கி விளையாடுகிறவர்களுக்கு எது நல்லது என்று இங்கிலீஷில் 500 வார்த்தை. கூகுளில் தேடுகிறவர்களுக்குச் சிக்க, 'வின்டர் ரைடர்ஸ்' என்பது ஐந்து இடத்தில் வந்தாக வேண்டும். நான் பார்த்த பனி மார்கழியில் சைக்கிள் சீட்டில் படிவது. துணியால் துடைத்தால் போய்விடும்.

ட்ரயலுக்குப் பத்து கட்டுரை. இது பத்தாவது. கட்டுரை கேட்ட அமெரிக்காக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 21ஆம் தேதி சொல்வாராம். சரி என்றால் எனக்கு நிரந்தர வேலை, அக்கா பட்டாசுக் கம்பெனிக்குப் போவதை நிறுத்துவாள். வாக்குக் கொடுத்திருக்கிறாள். இல்லை என்றால் தீபாவளிக்குப் பிறகு மூடிய கம்பெனி 24ஆம் தேதி திறக்கும்போது அவளோடு நானும். போர்மேனிடம் "தங்கச்சியும் ஒருவேளை வருவா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அந்த ஒருவேளையில்தான் இரண்டு பேரும் இருக்கிறோம்.

10 – 12 கரண்ட் கட். நோட்டில் எழுதினேன்.

13, வியாழன்

படித்துத் தெரிந்துகொண்டவை:

ஸ்னோபோர்டு – நீளப் பலகை. தனி பூட்ஸ். இரண்டு காலையும் பலகையோடு வாரால் இறுக்கிப் பூட்ட வேண்டும். பெரிய மலை, ஆழப் பனி, வேகம். விழுந்தால் பலகையோடுதான் விழ வேண்டும்.

ஸ்னோஸ்கேட் – சின்னது. சக்கரத்தைக் கழற்றிய ஸ்கேட்போர்டு மாதிரி. பூட்டு கிடையாது, சாதாரண ஷூ போதும். சின்ன மேடு, தெருவோரப் பனி. ஆழப் பனியில் திணறும். பயந்தால் இறங்கிவிடலாம்.

சாயங்காலம் அக்காவிடம் படங்களைக் காட்டினேன். பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நீ என்றால் எதில் ஏறுவாய் என்று கேட்டேன்.

"காலைக் கட்டாததுலதான். இதென்ன கேள்வி? ஒண்ணு ஆச்சுன்னா ஓட வேண்டாமா?"

அங்கே ஓட வேண்டியதில்லை, சும்மா விளையாட்டு என்றேன். விளையாடுவதற்கு எதுக்கு அம்புட்டு ஒசரம் ஏறணும் என்றாள். எனக்கும் தெரியவில்லை.

ஸ்னோஸ்கேட்டிலும் கணுக்காலில் ஒரு கயிறு உண்டாம், பலகை தனியாக ஓடிவிடாமல் இருக்க. அதை அவளிடம் சொல்லவில்லை.

15, சனி

கட்டுரை முடிந்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் கையில் காசு குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் ஸ்னோஸ்கேட், மலையேறி வேகமாக இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஸ்னோபோர்டு. என் தீர்ப்பு ஸ்னோஸ்கேட்டுக்கு. அக்காவின் தீர்ப்பு என்றும் சொல்லலாம்.

எண்ணிப் பார்த்தால் நாற்பது வார்த்தை குறைகிறது. கரண்ட் போகப் பத்து நிமிடம். கடைசியில் 'பாதுகாப்பு' என்று ஒரு பத்தி சேர்த்தேன். தனியாகப் போகாதே, தரையை முதலில் பார், கையில் இரும்பு வேண்டாம், பருத்தி மட்டும் உடுத்து, நைலானைத் தொடாதே. யோசிக்கவே இல்லை, கை தானாக ஓடியது. சரியாக 500.

நிஜாம் அண்ணன் நல்லா இருக்கும்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார். கீழே மொபைல் கடை, மேலே இந்த சென்டர், இரண்டும் அவருடையது. காலையிலிருந்து எட்டு பேருக்கு ரீசார்ஜ் போட்ட களைப்பு. முழுதாகப் படித்திருக்க மாட்டார்.

16, ஞாயிறு

துணி துவைத்தது. தலைக்குக் குளித்தது. எலி பனியனைக் கடித்திருக்கிறது.

கம்பெனி மூடி மூன்று வாரமாகியும் அக்கா நகக்கண்ணில் அந்த அலுமினியப் பொடி போகவில்லை. எலுமிச்சைத் தோலால் தேய்த்துவிட்டேன். வேலையை விட்டால் முதலில் என்ன செய்வாய் என்றேன். தையல் மிஷின், கோயில், சினிமா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால்,

"ஏழு மணி வரைக்கும் தூங்குவேன்."

அவ்வளவுதான். அம்மா செத்த வருஷம் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தவள். நான் அப்போது ஆறாவது. பதினோரு வருஷமாக அவள் ஏழு மணி வரை தூங்கி நான் பார்த்ததில்லை.

18, செவ்வாய்

அமெரிக்காவிலிருந்து பதில் வந்துவிட்டது. நிஜாம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வாசித்தார்.

பனியில் பருத்தி உடுத்தவே கூடாதாம். நனைந்து உடம்போடு ஒட்டும், குளிர் ஏறும், ஆளே செத்துப்போகலாம். அங்கே எல்லோரும் உடுத்துவது நைலான்தானாம். இதை எழுதினவர் பனியை ஒரு தடவையாவது பார்த்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்.

"இத எங்கயிருந்தும்மா எடுத்தீக?"

எங்கிருந்தும் எடுக்கவில்லை. சீசனில் தினமும் அக்கா வாசலில் நின்று தன்னைத் தானே சோதித்துக்கொள்வாள். சேலை பருத்தியா, பாவாடை பருத்தியா, வளையலைக் கழற்றியாச்சா. நைலான் உரசினால் பொறி வரும், வெடிமருந்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது. கம்பெனி கேட்டிலும் போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். வாய்ப்பாட்டை விடவும் எனக்கு மனப்பாடம் அதுதான். ஆபத்து என்றதும் அதுதான் வந்திருக்கிறது.

அண்ணனுக்கு நான் சொல்லாமலே புரிந்தது. சிவகாசிக்காரர். சிரிக்கவில்லை. திருத்திக் கொடும்மா, அனுப்பிப் பார்ப்போம் என்றார்.

இன்னொன்றும் வேண்டுமாம். முடிவில் ஸ்னோபோர்டுதான் ஜெயிக்க வேண்டும். அமெரிக்காக்காரர் விற்பது அதைத்தான்.

திருத்தினேன். நைலான் நல்லது, பருத்தி கெட்டது. காலைப் பூட்டிக்கொள்வதே வின்டர் ரைடர்ஸுக்குப் பாதுகாப்பு. கூசியது. ஆனாலும் எழுதினேன், இலக்கண சுத்தமாக.

21, வெள்ளி

மழை விட்டது. கரண்ட் இருந்தது. எல்லாம் சரியாக இருந்த நாளில் இது.

இல்லை என்று சொல்லிவிட்டார். ஒன்பதில் பிழையில்லை, பத்தாவதைப் பார்த்த பிறகு மற்றதிலும் நம்பிக்கை இல்லையாம். ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்தாயிற்று. அண்ணன் என் நோட்டை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். வேற ஆர்டர் வந்தா முதல் போன் உங்களுக்குத்தான்மா என்றார். நல்ல மனிதர். போன் வராது.

அக்கா பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தாள். சாப்பிட்டியா என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். வீட்டு முக்கு வரை நடந்தோம். அப்புறம்,

"திங்கக்கெழம இந்த நைலான் துப்பட்டாவப் போட்டுட்டு வந்துறாத."

24, திங்கள்

நல்ல வெயில். கம்பெனி திறப்பு. பூசை, சந்தனம், பொங்கல். கேட்டில் செருப்பைக் கழற்றினோம். அக்காவின் பழைய பருத்திச் சேலை எனக்குக் கொஞ்சம் கட்டை.

ரூமுக்கு நாலு வாசல், நாலு ஆள் என்று சட்டம். நாங்கள் ஆறு பேர். இரண்டு வாசலை மறித்துக் காகிதக் குழாய்க் கட்டு. இன்னொன்று துருப்பிடித்துத் திறப்பதில்லை. மிச்சம் ஒன்று. அந்த வாசலோரம்தான் அக்காவின் இடம். ஆறு வருஷம் காத்திருந்து, ஒருத்தி கல்யாணமாகிப் போன பிறகு கிடைத்தது.

அங்கே என்னை உட்கார வைத்தாள். எனக்குத் திரி வைக்கிற வேலை. அவள் மருந்து அடைக்கிறவள், உள்சுவர் ஓரம் போய் உட்கார்ந்தாள். மாட்டேன் என்றேன். எல்லோரும் பார்த்தார்கள்.

"நீ படிச்ச புள்ள. சத்தம் கேட்டா என்னன்னு நின்னு பாப்ப. நான் பாக்க மாட்டேன், ஓடிருவேன். கால மடக்காத. வெளிய நீட்டி வையி."

நாள் முழுக்க நீட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு மேல்தான் உறைத்தது. அவள் ஓட வேண்டுமானால் ஒரே வழி. அந்த வழியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.