உன் சித்திக்கு வராதது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, உன் சேதியெல்லாம் இப்போது உன் சித்தி வீட்டைச் சுற்றிக்கொண்டுதானே எனக்கு வருகிறது. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவதை நானே சரிசெய்கிறேன் என்று இறங்கினார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. எனக்குப் போன வாரம் ஆறு மாதப் பரிசோதனை முடிந்தது, ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். காப்பியை ஆற்றிக்கொண்டே, அக்கா, பாப்பா ரத்தம் குடுத்துட்டாளாம், ரிசல்ட் வர மூணு வாரம் ஆகுமாம், உனக்குத் தெரியுமில்ல என்றாள். தெரியும் என்றேன். பொய். அந்த மரபணுப் பரிசோதனையைச் செய்துகொள் என்று மூன்று வருடமாக உன்னிடம் மன்றாடியவள் நான். நீ செய்தது ஆயிரம் மடங்கு நல்லது, ஆனால் அதைப் போய் அவளிடமா சொல்வாய்? வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அவள்மேல் எனக்குப் பொறாமை இன்று நேற்று வந்ததில்லை. ஒரு தாய் வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். எனக்கு முப்பதிலேயே கண்ணாடி, அவள் இன்றைக்கும் வெறுங்கண்ணால் ஊசியில் நூல் கோக்கிறாள். கட்டி வந்து என் ஒரு பக்க மார்பை எடுத்தபோது ராப்பகலாகக் கூடவே இருந்தவள் அவள்தான், அவிழ்ந்து விழும் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு என் மொட்டைத் தலைக்கு எண்ணெய் தடவுவாள். நான் அந்தக் கூந்தலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். பரம்பரைப் புற்றுநோய் ஆராய்ச்சி என்று ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் இல்லையா, அங்கே மரபணு ஆலோசகர் என்று ஒரு பெண், குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், புற்றுநோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்படிக்க வேண்டும். என் வட்டத்தைக் கறுப்பாக்கினேன். பக்கத்தில் சித்தியின் வட்டம் வெள்ளைவெளேர் என்று இருந்தது, பார்க்கப் பொறுக்கவில்லை. அவளுக்கும் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆனதே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு அதையும் கறுப்பாக்கிவிட்டேன். அதைப் பார்த்து அவளைக் கூப்பிட்டார்கள். வெறும் கல்லுங்க, அக்கா பயத்துல குழம்பிட்டாங்க என்று எனக்காகப் பரிந்து பேசினாளாம். வந்ததுதான் வந்தோம் என்று ரத்தமும் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு இருக்கும் மரபணுக் கோளாறு அவளுக்கு இல்லை என்று ரிசல்ட் வந்தது, அதனால் அவளிடமிருந்து அவள் பிள்ளைகளுக்கும் போகாது. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள், நான் நினைத்த கேடு அவள் வீட்டுக்கு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

ஏன் சித்தியிடம் மட்டும் சொன்னாய் என்று அவளையே குடைந்து கேட்டுவிட்டேன். தன்னாலதான்னு நெனச்சு அம்மா ஒடஞ்சு போயிடுவாங்க என்று சொன்னாயாம். நான் உடையமாட்டேன். உனக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று ஆலோசகர் சொன்ன நாளிலிருந்தே நான் அதோடுதான் எழுந்திருக்கிறேன், அதோடுதான் படுக்கிறேன். உனக்கு இருந்தால் அடிக்கடி பார்த்து முளையிலேயே கிள்ளலாம், எனக்குக் கிடைக்காத அவகாசம் உனக்குக் கிடைக்கும். இல்லையென்றால் சந்தோஷத்தில் என் கால் தரையில் நிற்காது, உன்மேலும் கொஞ்சம் பொறாமை வரும், பொறுத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நோய் நொடி அண்டாமல் நூறு வயது இரு. ஒன்றே ஒன்று மறக்காதே. ரிசல்ட் எதுவானாலும் முதல் போன் எனக்கு. அந்தக் கோளாறு உனக்கு இருந்தால் கொடுத்தவள் நான், உன் சித்தி இல்லை. அதற்காக நீ என்னைத் திட்டி அழவேண்டும் என்றால், அதைக் கேட்க வேண்டியவளும் நான்தான். அவளுக்கு அதையும் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா