கொளஞ்சியின் ஐந்து பற்கள்

12-6-2023, திங்கள்

காலை 8.10க்கு உணவுக்கு உட்கார்ந்தேன், 8.22க்கு எழுந்தேன். கம்பு அடை, முருங்கைக்கீரை. கொளஞ்சி வழக்கம்போல் பிறகு சாப்பிடுவதாகச் சொன்னாள். சில ஆண்டுகளாக நான் எழுந்த பின்னரே உண்கிறாள். வயதாக ஆக என் மனைவிக்கு மரியாதை கூடிவருகிறது என்று எண்ணியிருக்கிறேன்.

10.05க்குத் துவைகல்லின்மேல் பாதி கடித்த கொய்யா ஒன்றைக் கண்டேன். வெள்ளைச் சதையில் இரத்தம். கேட்டேன். “நாக்கைக் கடிச்சிக்கினேன்ங்க. அதுக்கு இன்னா இப்போ?” என்றாள். நாக்கில் காயம் இல்லை. பார்த்துவிட்டேன்.

14-6-2023, புதன்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் பல் மருத்துவர் பூமாலையிடம் அழைத்துச் சென்றேன். வடக்கனந்தல் பெண், பேச்சில் பதற்றமில்லை. நுனியில் மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியால், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில், ஈறு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்று அளந்தார். உதவியாளர் எழுத, நானும் எழுதிக்கொண்டேன். மூன்று வரை சரியாம். நிறைய ஆறும் ஏழும். தொட்ட இடமெல்லாம் இரத்தம். கீழ் முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன.

கொளஞ்சி கேட்டுக்கொண்டது ஒன்றே: “பல் செட்டு மட்டும் வேணாம்மா. பல்ல தம்ளர்ல போட்டு வெச்சிக்கினு தூங்க மனசு வராது.”

ஈறு நோயை இரண்டு கேள்விகளால் வகைப்படுத்துகிறார்கள். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது நிலை; எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது தரம். தூரமும் வேகமும்! முப்பத்தாறு ஆண்டு ரயில்வேயில் இருந்து, சின்னசேலத்தில் நிலைய அதிகாரியாக ஓய்வுபெற்றவனுக்கு இது விளங்காதா?

இதுவரை இழந்த பற்கள் எத்தனை, எதனால் என்று கேட்டார். நாட்குறிப்பிலிருந்து வாசித்தேன்: 17-1-2015, காணும் பொங்கல், கரும்பு கடித்து உடைந்தது. 5-8-2018, கல்வராயன்மலை அருவியில் வழுக்கி விழுந்து உடைந்தது. 2-11-2021, முறுக்கு. இடையில் இரண்டு மட்டும் தாமாக ஆடி விழுந்தவை. அப்படியானால் நோயால் போனவை இரண்டே, மூன்றாம் நிலை, நடுத்தர வேகம், சுத்தம் செய்துகொண்டு ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றவர், எக்ஸ்ரேயைப் பார்த்துத் தயங்கினார்.

“உடைஞ்ச பல்லுன்னா வேர் உள்ள நிக்கும்ங்க ஐயா. இங்க வேரே காணோம்.”

என் குறிப்புகள் அந்தந்த நாளிலேயே எழுதப்பட்டவை என்று தெரிவித்தேன். கொளஞ்சி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவை எழுதாமல் சனிக்கிழமை வரச் சொன்னார்.

15-6-2023, வியாழன்

என் பதிவை இதுவரை மேலதிகாரிகூடச் சந்தேகித்ததில்லை.

16-6-2023, வெள்ளி

மாலை 4.30. கொளஞ்சி பித்தளைக் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். திறந்தால் பஞ்சின்மேல் ஐந்து பற்கள். ஐந்தும் முழுதாக, நீண்ட வேருடன்.

“ஒண்ணும் உடையலைங்க. ஆடிச்சி, வுழுந்துச்சி. அருவியில நான் வழுக்கவே இல்ல.”

ஏன் மறைத்தாய் என்றேன்.

“சொன்னா அன்னைக்கே நோட்டுல ஏத்திடுவீங்க. நீங்க எழுதிட்டா அது நிஜமாயிடும். அப்புறம் எத்தினி மணிக்கு இன்னா துன்றதுன்னு டைம்டேபிள் வேற போடுவீங்க.”

சிரித்தேன். பிறகு அவள் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. “உங்க பன்னெண்டு நிமிஷத்துல என்னால மெல்ல முடியலைங்க. நீங்க எழுந்தப்புறம் மோர்ல ஊற வெச்சி துன்னுக்குவேன்.”

மரியாதையாம், மரியாதை. எத்தனை வருஷம் — எதிர்லயே உட்கார்ந்துக்கினு இன்னாத்த பார்த்தேன் நான்? கடியாரத்தை.

17-6-2023, சனி

ரயில்வே பதிவேட்டில் மேலெழுதக் கூடாது. ஒரே கோடு, அருகில் திருத்தம், கையொப்பம், தேதி. கரும்பு, அருவி, முறுக்கு மூன்றையும் அவ்வாறே திருத்தினேன்.

அருவி நாளைத் திருத்தும்போதுதான் நினைவு வந்தது. அவள் விழுந்ததாகச் சொன்னதை நம்பி, தாடை எலும்பு முறிந்திருக்குமோ என்று மறுநாளே படம் எடுக்க வைத்திருந்தேன். இரும்புப் பெட்டியில் உறைமேல் தேதியுடன் இருந்தது: 6-8-2018.

படத்தையும் சிமிழையும் டாக்டரிடம் கொடுத்தோம். பழைய படத்தையும் புதிய படத்தையும் விளக்கொளியில் அருகருகே வைத்தார். ஐந்து ஆண்டுகளுக்குள் எலும்பு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. ஐந்து பற்களும் நோயால் போனவை. நோயால் ஐந்து போனாலே நான்காம் நிலையாம்; தரம், விரைவு. என் குறிப்பை நம்பி ஆறு மாதம் விட்டிருந்தால் முன்பற்கள் நான்கும் போயிருக்குமாம். இத்தனை வேகத்துக்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், பார்த்துவிடுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் கொளஞ்சி சொன்னாள்: “நான் பொய் சொல்லலைன்னா அந்தப் படமே இருந்திருக்காது, பார்த்துக்கங்க.” மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

19-6-2023, திங்கள்

கொளஞ்சிக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.2; 6.5 தொட்டாலே நோயாம். சர்க்கரை இருப்பது இதுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது. கால அட்டவணை எழுத உட்கார்ந்தேன். எழுதாமல் எழுந்தேன். மாத்திரை நேரத்தை அவளே சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்.

8-7-2023, சனி

ஈறுக்கடியில் வேர்வரை சுத்தம் செய்வது நான்கு தவணைகளில் முடிந்தது. கடைவாயில் இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. முன்பற்கள் நான்கையும் பின்புறமாக மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். சிமிழில் இப்போது ஏழு. தேதியும் காரணமும் அவளிடம் காட்டிவிட்டே எழுதினேன்.

20-9-2023, புதன்

மறு அளவு. ஏழு இருந்த இடங்கள் பெரும்பாலும் நான்கு. இரத்தம் இரண்டே இடங்களில். சர்க்கரை 7.1. முன்பற்கள் நான்கும் நிற்கின்றன. பல் செட்டு தேவையில்லை. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்றார். சிக்னலில் நிற்கும் வண்டி என்று புரிந்துகொண்டேன்.

21-9-2023, வியாழன்

காலை 8.10க்கு உட்கார்ந்தோம். கம்பு அடை, மோர் இல்லாமல். 8.22க்கு என் தட்டு காலியாகிவிட்டது. எழவில்லை. அவள் ஒவ்வொரு விள்ளலாக, ஒரு பக்கம் மென்று, மறுபக்கம் மாற்றி, நிதானமாகத் தின்றாள்.

“இன்னாத்துக்கு உட்கார்ந்துக்கினு கீறீங்க? வேலை இல்லையா?”

ஒற்றைப் பாதை, எதிர் வண்டி வந்து சேராமல் என் வண்டி புறப்படக் கூடாது என்றேன். வாயில் அடையோடு சிரித்தாள்.

8.51க்கு எழுந்தோம்.