தலைவெட்டிக் கோவிலின் கூரை

2 மே 1955, தேவிகுளம்
தாலுகா கச்சேரியில் பட்டா மனுக்கள் பதினேழு. வேறு செய்தி இல்லை. சூரியநெல்லி மேட்டிலுள்ள பிரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் கட்டடத்தை எஸ்டேட்டார் தேயிலைக் கிடங்காக்கப் போகிறார்களாம். வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோர் ஊர் போய்விட்டார்கள். சங்கம் கூடுவதற்கு ஆளில்லை. உள்ளே பார்க்கப் பத்திரிகை நிருபர் என்று எனக்கு அனுமதிக் கடிதம் வந்திருக்கிறது.

5 மே
இருபத்தைந்து வருஷமாக வெளியே நின்று எழுதிய இடத்தை இன்று உள்ளிருந்து பார்த்தேன். சன்னல் கிடையாது. நுழைந்ததும் இரண்டு தூண்கள், உச்சியில் கல் உருண்டைகள். தரை கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள். கிழக்கே மூன்று படி ஏறித் தலைவர் நாற்காலி. அதற்கு மேல் முக்கோணத்துக்குள் ஒரு கண். கூரை முழுக்க நீலம், பொன் நட்சத்திரங்கள். தென்மேற்கு மூலையில் மட்டும் நட்சத்திரம் இல்லை, இடம் குறித்த புள்ளிகள்தான்: பதினொன்று. கடைசி நட்சத்திரத்திலிருந்து ஒரு பொன் கோடு சரிந்து சுவர்வரை இறங்குகிறது.

காவலாளி பவுல்ராஜைக் கேட்டேன். "பெயிண்டர் சுடலைமுத்து விழுந்த இடம் அய்யா. சாரத்துலருந்து கல்லுல. அந்தக் கோடு விழையில பிரஷ் இழுத்தது. தலை நசுங்கிப்போச்சு. அதான் பெட்டிய ஆணியடிச்சுக் குடுத்தாக. பெறகு வேற ஆளை விட்டு முடிக்க துரைமாருக்கு மனசில்ல."

சுடலைமுத்து — 1933. அதை எழுதியவன் நான்தான். சங்கத்தார் என்னை உள்ளே விடவில்லை என்ற கோபத்தில் 'தலைவெட்டிக் கோவிலில் மர்மச் சாவு' என்று தலைப்பிட்டேன். சங்கத்தில் சேருகிறவன் தலையை வெட்டி ஒட்டுவார்கள் என்று ஊர்ப்பேச்சு. ஊர் வைத்த பெயரைத்தானே எழுதினோம் என்று இருந்துவிட்டேன்.

7 மே
சுடலைமுத்துவின் மனைவி சுருளியம்மாள் இன்னும் சூரியநெல்லி எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார். கூரையைப் பற்றியும் பவுல்ராஜ் சொன்னதையும் சொன்னேன்.

"அந்தக் காவக்காரன் துரைமாரு சோறு தின்னவன். அன்னைக்கு நீங்க எழுதுனத லயம் பூரா வாசிச்சாக. இப்ப மாத்திச் சொல்லுதீக. இருவத்திரண்டு வருசமா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். எம் புருசன் தலையோட போனாகளா, இல்லையா? என்னையக் கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க. சாரம் கட்டுற மேஸ்திரி மக நான். எடத்தப் பாத்தா விழுந்தாகளான்னு எனக்குத் தெரியும்."

9 மே
சுருளியம்மாளை அழைத்துவரலாமா என்று கேட்டதற்குப் பவுல்ராஜ்: "பொம்பளை காலு வெச்ச எடமில்ல அய்யா அது. ஞாயித்துக்கெழம எஸ்டேட் கிளார்க்கு சர்ச்சுக்குப் போயிருவாரு. பின்வாசலத் தொறந்து விடுதேன். பேப்பர்ல மட்டும் போட்டுராதீக."

வேண்டாம் என்றேன். அவன் வேலைக்கும் ஆபத்து. எதையும் எழுத்தில் வாங்கியே எனக்குப் பழக்கம். சங்கச் செயலாளர் துரைக்குக் கடிதம் போட்டேன்.

16 மே
பதில் இல்லை.

23 மே
பதில் இல்லை. சுருளியம்மாள் லாரி பிடித்துத் தேவிகுளத்துக்கே வந்துவிட்டார். "ஏன் அய்யா, துரை கையெழுத்துப் போட்டாத்தான் எம் புருசன் விழுந்தது நெசமாகுமோ?"

3 ஜூன்
கடிதம் வந்தது. ஆட்சேபணை இல்லை. ஒரே வரி.

4 ஜூன்
சுருளியம்மாளும் நானும் போனோம். தூண்களைத் தாண்டியதும் கறுப்புக் கல்லில் கால் படாமல் வெள்ளைக் கல்லாகப் பார்த்து வைத்து நடந்தார். அண்ணாந்தார். நானும்.

சுண்ணாம்பு. கிடங்குக்கு வெளிச்சம் வேண்டுமென்று போன வாரமே கூரை முழுக்க மூன்று பூச்சு. "சொல்ல நாக்கு எழும்பல அய்யா" என்றான் பவுல்ராஜ்.

இங்கே புள்ளிகள், இங்கிருந்து கோடு என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் கையைத்தான் பார்த்தார். "சரிங்க அய்யா. வெள்ளையா இருக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை — ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வாசல் வழியாகப் போயிருந்தால் எனக்கு என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

12 ஜூன்
திருத்தம் எழுதி அனுப்பினேன். 1933-ல் எழுதியது தவறு, சுடலைமுத்து சாரத்திலிருந்து விழுந்து இறந்தார், கூரையிலிருந்த அடையாளத்தை நானே கண்டேன் என்று. ஆறாம் பக்கத்தில் நான்கு வரி வருமாம்.

19 ஜூலை, ஆடி அமாவாசை
விடாத மழை. சூரியநெல்லி லயத்தில் வீட்டுக்கு வீடு, இறந்தவர்களுக்கு உள்ளே இலை போட்டுப் படைத்திருந்தார்கள். சுருளியம்மாள் வீட்டு இலை மட்டும் வாசலுக்கு வெளியே, தகரத்துத் தாழ்வாரத்தின் ஓரத்தில். சோற்றில் தண்ணீர் நின்றது.

திருத்தம் வந்த தாளை நீட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் முன்பே வாசித்துக் காட்டிவிட்டாளாம். "நல்லாத்தான் எழுதியிருக்கீக அய்யா."

"பிறகு ஏம்மா இலை வெளியில?"

"தலையில்லாமப் போனவுகள உள்ள கூப்பிட்டா வீட்டுக்கு ஆகாது. பேரப்பிள்ளைக இருக்கு." வாசலை விட்டு விலகி நின்றார். "நீங்க உள்ள வாங்க. நனையுதீக."